டவுன்லோட் செய்த ஃபைல் வேறெதிலோ திறக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒரு மாணவி அம்மாவோடும் லேப்டாப்போடும் எங்கள் பிரின்ட் கடைக்கு வந்தாள். வீட்டில் எடுத்த ஹால் டிக்கெட் பிரின்ட்டை மேசையில் வைத்தாள். புகைப்படம் முதல் பக்கத்தில், கையெழுத்து இரண்டாம் பக்கத்தில். தேர்வு மையத்தின் முகவரி கட்டத்துக்கு வெளியே வழிந்து கிடந்தது. "அண்ணா, மூணு தடவை டவுன்லோட் பண்ணிட்டேன், மூணும் இப்படித்தான் வருது" என்றாள்.

லேப்டாப்பைத் திறந்து அந்த பிடிஎஃப் மேல் டபுள் கிளிக் செய்தேன். வேர்டு திறந்தது. பிடிஎஃப்பைத் திருத்தக்கூடிய ஆவணமாக மாற்றப்போகிறேன், மூலத்தைப் போலவே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று ஒரு சின்னப் பெட்டியும் வந்தது. அவள் ஒவ்வொரு முறையும் ஓகே அழுத்தியிருக்கிறாள். ஹால் டிக்கெட்டில் கோளாறே இல்லை. வேர்டு 2013லிருந்து பிடிஎஃப்பைத் தன் பாணிக்கு மாற்றித் திறக்கும் வசதி இருக்கிறது. எப்போதோ யாரோ "எப்போதும் இதிலேயே திற" என்று டிக் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். சரியான செயலியில் திறந்து பிரின்ட் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இப்படி வருபவர்களில் பெரும்பாலோர் மறுபடி மறுபடி டவுன்லோட் செய்திருப்பார்கள், அல்லது பிரவுசரையே அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருப்பார்கள். இரண்டும் வீண் வேலை. முதலில் தெரிய வேண்டியது, எந்தச் செயலி திறக்க வேண்டும் என்ற முடிவை எடுத்தது யார் என்பதுதான்.

முடிவெடுக்கும் இடங்கள் மூன்று. ஃபைலை அனுப்பும் தளத்தின் சர்வர், இது இன்ன வகை என்று ஒரு குறிப்பையும் ஒரு பெயரையும் சேர்த்து அனுப்புகிறது. பிரவுசர் அதைப் பார்த்து, தானே திறப்பதா, சேமிப்பதா, வெளியே கொடுப்பதா என்று தீர்மானிக்கிறது. வெளியே கொடுத்துவிட்டால் அதன் பிறகு விண்டோஸ் பொறுப்பு. விண்டோஸ் ஃபைலுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் வாலை மட்டும் பார்த்து, அதற்கென்று பதிந்து வைத்த செயலியைக் கூப்பிடுகிறது.

எதையும் மாற்றும் முன் ஒரு சோதனை

பிரவுசரில் கன்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் விண்டோஸில் இது டவுன்லோட் பட்டியலைக் காட்டும். ஃபைல் பக்கத்தில் உள்ள ஃபோல்டர் படத்தை அழுத்தினால் அது இருக்கும் இடம் திறக்கும். அங்கேயே டபுள் கிளிக் செய்யுங்கள்.

அங்கும் அதே தவறான செயலிதான் திறக்கிறது என்றால் கோளாறு விண்டோஸ் பதிவில். அங்கே சரியாகத் திறந்து, பிரவுசருக்குள்ளிருந்து அழுத்தும்போது மட்டும் மாறினால் கோளாறு பிரவுசரில். எதிலுமே திறக்காமல் "ஃபைல் கெட்டுவிட்டது" என்று வந்தால், பெரும்பாலும் உங்கள் கைக்கு வந்ததே வேறு ஃபைல். கீழே உள்ளவற்றில் உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

எங்கிருந்து திறந்தாலும் தவறான செயலி வருகிறது

ஃபைல் மேல் ரைட் கிளிக், "ஓபன் வித்", அதற்குள் "சூஸ் அனதர் ஆப்". வேண்டிய செயலியைத் தொட்டுவிட்டு, விண்டோஸ் 11 என்றால் கீழே "ஆல்வேஸ்" பொத்தானை அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் "ஜஸ்ட் ஒன்ஸ்" இந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். விண்டோஸ் 10 என்றால் ஓகே கொடுக்கும் முன் அடியில் உள்ள "ஆல்வேஸ் யூஸ் திஸ் ஆப்" கட்டத்தில் டிக் போட வேண்டும். அதை மறந்துவிட்டு "மாற்றினேன், மாறவில்லை" என்று வருபவர்கள் நிறையப் பேர்.

செயலி பட்டியலிலேயே இல்லையென்றால், செட்டிங்ஸ் போய் "ஆப்ஸ்", "டீஃபால்ட் ஆப்ஸ்". விண்டோஸ் 11இல் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதில் புள்ளி வைத்து பிடிஎஃப் என்று வாலைத் தட்டச்சு செய்தால், இப்போது அது யார் கையில் இருக்கிறது என்று தெரியும். அங்கேயே மாற்றலாம்.

ஃபைலின் சின்னத்தையும் கவனியுங்கள். பதிவு மாறியதும் பெரும்பாலும் சின்னமும் மாறும். பிடிஎஃப் ஃபைல்கள் எல்லாம் நீல வேர்டு சின்னத்தோடு நின்றால், திறக்காமலே காரணம் தெரிந்துவிடும்.

சிலருக்கு மாற்றியது நிற்காது. "ஆப் டீஃபால்ட் வாஸ் ரீசெட்" என்று மூலையில் ஒரு அறிவிப்பு வந்து பழையபடி ஆகிவிடும். விண்டோஸ் 8லிருந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த செயலியை ஒரு ரகசியச் சரிபார்ப்பு எண்ணோடு சேர்த்துப் பதிகிறார்கள். வேறு மென்பொருள் பின்வாசல் வழியாக அந்தப் பதிவைத் தொட்டால் எண் பொருந்தாது. உடனே விண்டோஸ் தன் சொந்த இயல்புக்குத் திரும்பிவிடும். பிடிஎஃப்புக்கு அந்த இயல்பு எட்ஜ். "ஒரே கிளிக்கில் எல்லாம் சரியாகும்" என்று சொல்லும் கருவிகளை விட்டுவிட்டு மேலே சொன்னபடி கையால் மாற்றுங்கள், நிற்கும்.

ஃபோல்டரில் சரி, பிரவுசரில்தான் தகராறு

குரோமில் அடிக்கடி பார்ப்பது இது. கணினியில் அடோபி (அக்ரோபாட்) ரீடரை டீஃபால்ட்டாக, அதாவது எப்போதும் திறக்கும் செயலியாக வைத்திருப்பார்கள். இருந்தும் குரோமின் டவுன்லோட் பட்டியலில் பிடிஎஃப்பைத் தொட்டால் குரோம் டேபிலேயே திறக்கும். குரோம் தன்னால் காட்ட முடிந்ததைத் தானே காட்டிவிடும். பட்டியலில் அந்த பிடிஎஃப் மேல் ரைட் கிளிக் செய்து "ஆல்வேஸ் ஓபன் வித் சிஸ்டம் வியூவர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பைத் தொட்டதுமே டேபில் விரியாமல் நேராக டவுன்லோட் ஆக வேண்டும் என்றால், குரோம் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பிடிஎஃப் என்று தேடி, "பிடிஎஃப் டாக்குமென்ட்ஸ்" பகுதியில் "டவுன்லோட் பிடிஎஃப்ஸ்" என்று வையுங்கள். எட்ஜிலும் இதே போல "ஆல்வேஸ் டவுன்லோட் பிடிஎஃப் ஃபைல்ஸ்" இருக்கிறது. வேர்டு, எக்செல் ஃபைல்கள் எட்ஜுக்குள்ளேயே திறந்தால், டவுன்லோட்ஸ் பகுதியில் "ஓபன் ஆஃபிஸ் ஃபைல்ஸ் இன் தி பிரவுசர்" என்பதை அணைத்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. டவுன்லோட் முடிந்ததும் கேட்காமலே ஃபைல் தானாகத் திறந்து முன்னால் வந்து நிற்கும். எப்போதோ "இந்த வகையை எப்போதும் திற" என்பதைத் தொட்டிருப்பீர்கள். குரோமின் டவுன்லோட்ஸ் செட்டிங்ஸில் தானாகத் திறக்கும் வகைகள் பற்றி ஒரு வரியும் அருகில் "கிளியர்" பொத்தானும் இருக்கும். அழுத்தினால் அந்தப் பழைய அனுமதிகள் எல்லாம் போய்விடும்.

ஃபயர்ஃபாக்ஸ் கதை வேறு. அது விண்டோஸ் பதிவைத் தவிரத் தனக்கென்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. செட்டிங்ஸில் "ஜெனரல்" பக்கத்தில் கீழே இறங்கினால் "அப்ளிகேஷன்ஸ்" என்ற அட்டவணை வரும். இடப்பக்கம் ஃபைல் வகை, வலப்பக்கம் அதை என்ன செய்ய வேண்டும் என்பது. பிடிஎஃப் வரியின் வலப்பக்கத்தைத் தொட்டால், ஃபயர்ஃபாக்ஸிலேயே திற, ஒவ்வொரு முறையும் கேள், சேமி, கணினியின் டீஃபால்ட்டில் திற, வேறு செயலியைக் காட்டு என்று விரியும். விண்டோஸில் எவ்வளவு மாற்றினாலும் ஃபயர்ஃபாக்ஸ் கேட்காததற்குக் காரணம் இந்த அட்டவணைதான்.

முன்பெல்லாம் "திறப்பதா, சேமிப்பதா" என்று கேட்ட பெட்டியைக் காணோம் என்று இன்னும் தேடுபவர்கள் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் வந்த 98ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் கேட்காமலே சேமித்துவிடுகிறது. அதே அட்டவணைக்குக் கீழே, மற்ற ஃபைல்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு "ஆஸ்க்" என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் பழைய பெட்டி திரும்பி வரும்.

அட்டவணை முழுவதும் குழம்பிக் கிடந்தால் கடைசி வழி ஒன்று உண்டு. "ஹெல்ப்" மெனுவில் "மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" போய், புரொஃபைல் ஃபோல்டரைத் திறந்துகொண்டு, ஃபயர்ஃபாக்ஸை முழுவதும் மூடுங்கள். அந்த ஃபோல்டரில் ஹேண்ட்லர்ஸ் என்ற பெயரில், ஜேசன் வாலோடு ஒரு ஃபைல் இருக்கும். அதை அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். மறுபடி திறக்கும்போது புதிய அட்டவணை உருவாகும். மின்னஞ்சல் முகவரி இணைப்பைத் தொட்டால் எது திறக்க வேண்டும் என்று வைத்திருந்ததும் இதில்தான் பதிவாகும். ஆகவே அதையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

பிடிஎஃப் பிரவுசரில் திறக்கிறது, ஆனால் காரியம் ஆகவில்லை

பிரவுசரில் பார்ப்பதே போதும் என்று நானும் பல பேரிடம் சொல்வேன். இரண்டு இடங்களில் மட்டும் போதாது.

ஒன்று, திறந்ததும் "பிளீஸ் வெயிட்" என்ற ஒரே பக்கம் வந்து அப்படியே நிற்பது. எக்ஸ்எஃப்ஏ என்ற முறையில் செய்த படிவம் அது. நெட் மெதுவாக இருக்கிறது என்று காத்திருந்து பயனில்லை. அந்தப் பக்கம், படிவத்தைக் காட்டத் தெரியாத செயலிக்காக உள்ளே வைக்கப்பட்ட மாற்றுப் பக்கம். ஃபைலைச் சேமித்து அடோபி ரீடரில் திறந்தால் படிவம் வரும். ஃபயர்ஃபாக்ஸும் 2021இல் வந்த 93ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய படிவங்களைக் காட்டுகிறது.

இன்னொன்று டிஜிட்டல் கையெழுத்து. டவுன்லோட் செய்த இ-ஆதாரில் கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறியும் "வேலிடிட்டி அன்னோன்" என்ற எழுத்தும் வரும். அப்படியே பிரின்ட் எடுத்துப் போனால் சில கவுன்டர்களில் திருப்பி அனுப்புகிறார்கள். கையெழுத்தைச் சரிபார்க்க அடோபி ரீடரில் திறக்க வேண்டும். கேள்விக்குறி மேல் ரைட் கிளிக் செய்து "வேலிடேட் சிக்னேச்சர்", பிறகு "சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ்", "ஷோ சைனர்ஸ் சர்ட்டிஃபிகேட்", அதில் "டிரஸ்ட்" பகுதியில் "ஆட் டு டிரஸ்டட் சர்ட்டிஃபிகேட்ஸ்". ஓகே கொடுத்துவிட்டு மறுபடி வேலிடேட் செய்தால் பச்சை டிக் விழும். கடவுச்சொல் கேட்கும்போது பயப்பட வேண்டாம்: ஆதாரில் உள்ள பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதோடு ஒட்டிப் பிறந்த ஆண்டு நான்கு இலக்கம்.

"ஃபைல் கெட்டுவிட்டது" என்கிறது

முதலில் அளவைப் பாருங்கள். பத்துப் பக்க ஆவணம் மூன்று கேபி, நான்கு கேபி என்று இருந்தால் அது ஆவணமே அல்ல. லாகின் நேரம் முடிந்துபோய், தளம் ஆவணத்துக்குப் பதில் "மறுபடி உள்நுழைக" என்ற பக்கத்தை அனுப்பியிருக்கும். பெயர் மட்டும் பிடிஎஃப்.

சந்தேகம் தீர ரைட் கிளிக் செய்து நோட்பேடில் திறந்து பாருங்கள், "ஜஸ்ட் ஒன்ஸ்" என்று. உண்மையான பிடிஎஃப் என்றால் முதல் வரியே சதவீதக் குறி, பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு சிறு கோடு, பதிப்பு எண் என்றுதான் பொதுவாகத் தொடங்கும். அதன் கீழே புரியாத எழுத்துகள் கொட்டிக் கிடக்கும், அது இயல்பு. அதற்குப் பதிலாகக் கோண அடைப்புக்குறியும் ஹெச்டிஎம்எல் என்ற எழுத்துகளும் முதலில் நின்றால் அது வலைப்பக்கம். தளத்தில் மறுபடி உள்நுழைந்து, உடனே டவுன்லோட் செய்யுங்கள். எந்தச் செயலியை மாற்றியும் இதைத் திறக்க முடியாது.

எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கிறது, வால் விசித்திரமாக இருக்கிறது

ரசீது, சான்றிதழ் தரும் பல தளங்களில் ஃபைல் ஏஎஸ்பிஎக்ஸ், பிஹெச்பி, டிஓ என்ற வாலோடு வந்து சேரும். சர்வர் ஃபைலுக்குப் பெயர் சொல்லி அனுப்பவில்லை, பிரவுசர் அந்தப் பக்கத்தின் பெயரையே வைத்துவிட்டது. ஃபோல்டரில் "வியூ", "ஷோ", "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்று போய் வால் தெரியும்படி வையுங்கள். விண்டோஸ் இயல்பாகவே அதை மறைத்து வைக்கிறது. நோட்பேட் சோதனையில் பிடிஎஃப் என்று உறுதியானால், எஃப்2 அழுத்தி வாலை பிடிஎஃப் என்று மாற்றுங்கள், திறக்கும். வாலை மாற்றுவது பெயரை மட்டுமே மாற்றும், உள்ளே இருப்பதை அல்ல. ஜேபிஜி படத்துக்கு பிடிஎஃப் வால் ஒட்டினால் பிடிஎஃப் ஆகாது.

வேர்டு ஃபைல் ஜிப் ஆக வந்து, உள்ளே வேர்டு என்ற ஃபோல்டரும் பல எக்ஸ்எம்எல் ஃபைல்களும் தெரிந்தால் குழம்ப வேண்டாம். டாக்எக்ஸ் என்பதே ஒரு ஜிப் பொட்டலம்தான். நோட்பேடில் திறந்தால் பி, கே என்ற இரண்டு எழுத்துகள் முதலில் நிற்கும். 1989இல் ஜிப் முறையை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரெழுத்துகள் அவை. வாலை டாக்எக்ஸ் என்று மாற்றினால் வேர்டில் திறக்கும்.

வால் தெரியும்படி வைத்ததை அப்படியே விட்டுவிடுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். "பில் புள்ளி பிடிஎஃப் புள்ளி இஎக்ஸ்இ" என்று பெயர் வைத்த ஃபைல், வால் மறைந்திருந்தால் "பில் புள்ளி பிடிஎஃப்" என்றே தெரியும். அது ஆவணம் அல்ல, ஓடக்கூடிய நிரல்.

சிஎஸ்வி எக்செலில் திறக்கிறது, தமிழ் குதறிப்போகிறது

பள்ளி ஆசிரியர்களும் சங்கக் கணக்கு பார்ப்பவர்களும் இதில்தான் அதிகம் சிக்குகிறார்கள். ஆன்லைன் படிவத்தில் வந்த பதில்களை சிஎஸ்வி, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணை ஆக டவுன்லோட் செய்து டபுள் கிளிக் செய்தால் எக்செல் திறக்கும். தமிழ்ப் பெயர்கள் இருந்த இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வரிசை கட்டி நிற்கும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். எக்செல் அதைப் பழைய ஆங்கில முறை என்று நினைத்து ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் காட்டுகிறது. எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் அந்த ஏ அவ்வளவு முறை வருகிறது. ஃபான்ட் மாற்றிப் பயனில்லை.

எழுத்து குதறியது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண்கள் குதறுவது தெரியாது, அதனால்தான் எனக்கு அதில் பயம் அதிகம். 12 இலக்க எண்ணை எக்செல் 1.23, பக்கத்தில் ஒரு ஆங்கில இ, கூட்டல் 11 என்று சுருக்கிக் காட்டும். முன்னால் உள்ள பூஜ்யங்களை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். நீளமான வங்கிக் கணக்கு எண் கடைசியில் பூஜ்யத்தோடு முடிந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அந்த நிலையில் சேவ் அழுத்தினால் சிஎஸ்வியில் பதிவதும் குதறிய எண்தான். ஆகவே சேமிக்காமல் மூடுங்கள்.

எக்செலைத் தனியாகத் திறந்து, "டேட்டா" பகுதியில் "ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" வழியாக ஃபைலைக் காட்டுங்கள். "ஃபைல் ஒரிஜின்" என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 என்று வைத்ததும் தமிழ் நேராகிவிடும். பிறகு "டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா" போய், எண் உள்ள பத்திகளை "டெக்ஸ்ட்" என்று மாற்றி ஏற்றுங்கள். எக்செல் தானாக வகை மாற்றிய படியை நீக்கி இதை வைக்கவா என்று கேட்டால் "ரீப்ளேஸ்" கொடுங்கள்.

தினமும் இந்த வேலை இருப்பவர்களுக்கு நான் சொல்வது, சிஎஸ்வியின் டீஃபால்ட்டையே லிப்ரேஆஃபிஸ் கால்க் என்று மாற்றிவிடுங்கள். இலவசம். திறக்கும்போதே எழுத்து முறை என்ன, எந்தப் பத்தி எந்த வகை என்று பெட்டி போட்டுக் கேட்கும். ஏற்கெனவே நிறுவியிருந்தால் டீஃபால்ட்டை மாற்ற அரை நிமிடம்.

லினக்ஸிலும் மேக்கிலும்

உபுண்டுவில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து "ஓபன் வித்" வழியாகச் செயலியைத் தேர்ந்து, அந்த வகைக்கு எப்போதும் இதையே பயன்படுத்து என்ற சுவிட்சைப் போட வேண்டும். அங்கே அடிக்கடி கேட்கும் புகார் வேறு: டவுன்லோட் இருக்கும் ஃபோல்டரைக் காட்டச் சொன்னால் ஃபைல் மேனேஜருக்குப் பதில் ஏதோ எடிட்டர் திறக்கிறது. லினக்ஸில் ஃபோல்டரும் ஒரு வகை, அதற்கும் ஒரு டீஃபால்ட் உண்டு. புதிதாக நிறுவிய செயலி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து அதே வழியில் "ஃபைல்ஸ்" செயலியைத் தேர்ந்தால் தீர்ந்தது.

மேக்கில் ஃபைலைத் தொட்டு கமாண்ட், ஐ அழுத்தி, "ஓபன் வித்" பகுதியில் செயலியை மாற்றி, "சேஞ்ச் ஆல்" கொடுக்க வேண்டும். "சேஞ்ச் ஆல்" கொடுக்காவிட்டால் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டுமே மாறும்.

போனில்

ஆண்ட்ராய்டில் ஃபைலைத் தொட்டதும் கேட்கும் பெட்டியில் அவசரத்தில் "ஆல்வேஸ்" தொட்டுவிட்டால், அதன் பிறகு பெட்டியே வராது. இப்போது தவறாகத் திறக்கும் செயலியைத்தான் பிடிக்க வேண்டும், வேண்டிய செயலியை அல்ல. செட்டிங்ஸில் "ஆப்ஸ்" போய் அந்தச் செயலியைத் திறந்து, "ஓபன் பை டீஃபால்ட்" அல்லது "செட் ஆஸ் டீஃபால்ட்" என்ற வரிக்குள் "கிளியர் டீஃபால்ட்ஸ்" கொடுங்கள். அடுத்த முறை ஃபைலைத் தொடும்போது பெட்டி வரும், நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம். கல்யாணப் பத்திரிகை, வங்கிச் செய்தி என்று சொல்லி வந்த ஃபைல், திறப்பதற்குப் பதில் "இன்ஸ்டால்" என்று கேட்டால் அது ஏபிகே, அதாவது போனில் செயலியை நிறுவும் ஃபைல். அதற்குச் சரியான செயலியைத் தேட வேண்டாம், ஃபைலை அழித்துவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். அவருடைய போனும் பிறர் கையில் சிக்கியிருக்கலாம்.